உபகாரச் சம்பளம்

‘ஸ்காலர்ஷிப்’ என்பதற்குத் தமிழில் முன்னாளில் ஒரு பெயர் வழங்கியது: உபகாரச் சம்பளம். பழைய பத்திரிகைகளையும், பெரியவர்கள் எழுதிவைத்த சுயசரிதைகளையும் புரட்டுகிறவர்கள் இந்தச் சொல்லைச் சந்தித்திருப்பார்கள். இப்போது அது வழக்கொழிந்துவிட்டது. ‘கல்வி உதவித்தொகை’ என்கிறோம். கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழர்கள் அதையே ‘புலமைப்பரிசில்’ என்கிறார்கள்.

ஒரே பணத்துக்கு மூன்று பெயர்கள். பெயர்தானே என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சொற்களை வைத்துப் பிழைப்பவன் நான்; ஒரு சமூகம் ஒரு பொருளுக்கு இடும் பெயரில், அந்தப் பொருளைப் பற்றிய அதன் அபிப்பிராயம் ஒளிந்திருக்கிறது என்று நம்புகிறவன். புலமைப்பரிசில் என்றால், ‘நீ கெட்டிக்காரன், வென்றுவிட்டாய், இந்தா பரிசு’ என்று பொருள். உதவித்தொகை என்றால், ‘நீ இல்லாதவன், இந்தா உதவி’ என்று பொருள். உபகாரச் சம்பளமோ இரண்டுங்கெட்டான். சம்பளம் என்பது உழைத்தவன் உரிமையோடு கேட்டு வாங்குவது. உபகாரம் என்பது கொடுக்கிறவன் மனமிரங்கிக் கொடுப்பது. உரிமை என்றால் உபகாரம் எதற்கு? உபகாரம் என்றால் அது சம்பளம் ஆவது எப்படி?

இரண்டுங்கெட்டான் என்று சொன்னேனே தவிர, மூன்றில் உண்மைக்கு மிக அருகில் நிற்பது அந்தப் பழைய சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு, கல்லூரிப் படிப்புக்குப் பணம் தேடப் புறப்படும் ஒரு பிள்ளையின் மனக்குழப்பம் முழுவதும் அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. நான் கேட்பது பிச்சையா, என் பங்கா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் நின்ற இடத்திலிருந்தே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

நம்முடைய மரபும் இந்தப் பிள்ளைக்கு ஒரே குரலில் விடை சொல்லவில்லை. ஔவையின் ஆத்திசூடி, பிறரிடம் வாங்குவது இகழ்ச்சி என்று கற்பிக்கிறது. அதிவீரராம பாண்டியனின் வெற்றிவேற்கையோ, பிச்சையெடுத்தாவது படி என்கிறது. இரண்டும் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளியில் சின்னஞ்சிறு பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்கள். காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் ஒப்பித்த பிள்ளை எதை நம்பியிருப்பான்?

வள்ளுவர் அந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டார். வறுமையைச் சொல்லும் ‘நல்குரவு’ 105-ஆம் அதிகாரம். அதற்கு அடுத்தது ‘இரவு’. அதற்கும் அடுத்தது ‘இரவச்சம்’. கேட்கத் தக்கவரைக் கண்டால் கேள், அவர் ஒளித்தால் பழி அவருக்கே, உனக்கில்லை என்று ஓர் அதிகாரம் தொடங்குகிறது. மகிழ்ந்து கொடுக்கிறவரிடத்திலும் கேளாமல் இருப்பது கோடி பெறும் என்று அடுத்த அதிகாரம் தொடங்குகிறது. முரண்பாடு என்று யாரேனும் சொல்லிவிடப் போகிறார்களே என்றுதான் போலும், பரிமேலழகர் வழி காட்டுகிறார்: மானம் தீராத இரவு ஒன்று உண்டு, மானம் தீர வரும் இரவு ஒன்று உண்டு, முன்னதைப் பற்றியது ஓர் அதிகாரம், பின்னதற்கு அஞ்சச் சொல்வது மற்றோர் அதிகாரம்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நம் கேள்வி தெளிவாகிவிடுகிறது. கேட்கலாமா கூடாதா என்பது பிள்ளையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியே அன்று. மானம் கெடாமல் கேட்பதற்கு நாம் வழி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அது நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டியது.

இன்றைக்கு ஒரு பிள்ளை எப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் அப்படி ஒரு பணம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கேயே பாதிப் பேர் நின்றுவிடக்கூடும். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டில், எந்த மாதத்தில் எந்த விண்ணப்பம் வரும் என்பது சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் தானாகவே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். நாற்று நடப் போகும் தாயின் பிள்ளைக்கு அதை யார் சொல்வது? நிலம், நகைபோலத் தகவலும் ஒரு பரம்பரைச் சொத்துதான். பத்திரமில்லாத சொத்து, ஆகையால் அதைப் பங்கு கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை.

2008-இல் மத்திய அரசு தொடங்கிய ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு இடம். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று 2017-இல் உயர்த்தினார்கள். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். கல்லூரிக்கு முன்பே பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடிய பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கிற பணம் அது. அந்தத் தேர்வைப் பற்றி ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வகுப்பாசிரியர் ஞாபகமாக ஒரு வார்த்தை சொன்னால் தெரியும். சொல்லிவிட்டு, மாலையில் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பயிற்சியும் கொடுத்தாரானால் அந்தப் பிள்ளை தேறவும் கூடும். அந்த ஆசிரியர் மறந்துவிட்டால் யாரும் அவரைக் குற்றம் சொல்லப்போவதில்லை. இழந்தவனுக்கே தான் இழந்தது தெரியாது அல்லவா?

தெரிந்துகொண்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது காகிதங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் போய்த் தாசில்தாரிடம் முடிய வேண்டும். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். அதில் ஆதார் எண் இணைந்திருக்க வேண்டும். நம் தமிழ்ப் பெயருக்கென்றே வாய்த்த தொல்லை ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கிறது. ஆதார் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து பின்னால் வருகிறது. வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது தினுசாக ஏதோ இருக்கிறது. பெற்ற தாய்க்கு மூன்றும் ஒரே பிள்ளை. கணிப்பொறிக்கு மூன்றும் மூன்று ஆட்கள். இதைத் திருத்துவதற்காக ஒரு கூலித் தொழிலாளி ஒருநாள் வேலையை விட்டால் ஒருநாள் கூலி போயிற்று.

இவ்வளவும் செய்து கிடைப்பது எவ்வளவு? பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருக்கிற பிள்ளைகளில் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாக வழங்குவதற்கு மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 33 ரூபாய்.

முப்பத்து மூன்று ரூபாய்க்காகவா இத்தனை பாடு என்று கேட்கிறவர்கள் வசதியுள்ளவர்கள். அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை பஸ்ஸுக்குப் போய் வந்து, ஒரு வேளை சாப்பிட்டு, நோட்டுப் புத்தகமும் வாங்கிவிடுகிறது. காகிதங்கள் கேட்பதையும் நான் குறை சொல்லவில்லை. பொதுப்பணம், கணக்கில்லாமல் கொடுக்க முடியாது. பொய் சொல்லி வாங்குகிறவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரரின் வருமானம் ரூபாய் பிசகாமல் தெரிந்துவிடுகிறது. தினக்கூலிக்காரருக்குத் தம் ஆண்டு வருமானம் தமக்கே தெரியாது. இருவருக்கும் நடுவில், தெரிந்தும் மறைக்கக் கூடியவர்கள் சிலர் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்குகிறவர் ‘அரசாங்கத்துப் பணந்தானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். அது அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து போனதன்று. எண்ணி வைத்த இடங்களில் ஒன்று அது. வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கியது. முகம் தெரியாததனால் திருட்டு கொடையாகிவிடாது.

ஆகவே சான்றிதழ் கேட்கட்டும். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இப்போது பல இடங்களில் சான்றிதழ் போதாதென்று கதையும் கேட்கிறார்கள்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவரின் மகள், ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்த சமயம். ஏதோ ஓர் அறக்கட்டளையின் படிவம். ‘உன் குடும்பச் சூழ்நிலையை முந்நூறு சொற்களில் விவரி’ என்று அதில் ஒரு கட்டம். அவள் நாலே வரி எழுதியிருந்தாள். அப்பா துணி தேய்க்கிறார். அம்மா இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். தம்பி எட்டாவது படிக்கிறான். எனக்குக் கணக்குப் பதிவியல் பிடிக்கும், பி.காம். படிக்க ஆசைப்படுகிறேன்.

“இது போதாதாம் சார். மனசைத் தொடுற மாதிரி இருக்கணுமாம். நீங்க கதை எழுதறவங்களாச்சே, கேட்டுப் பாருன்னு டீச்சர் சொன்னாங்க” என்றாள்.

எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. மழைக்கு வீடு ஒழுகுமா, கடன் உண்டா, சாப்பாடு இல்லாத நாள் உண்டா என்று விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

“அப்படியானால் அதையெல்லாம் எழுதலாமே அம்மா?”

சற்று நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “எல்லாம் நிஜந்தான் சார். ஆனா, கீழே அப்பா கையெழுத்துப் போடணும். போடறதுக்கு முன்னாடி அவர் படிச்சுப் பார்ப்பார்.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த மனிதரை எனக்குத் தெரியும். ஒரு சட்டையில் பித்தான் அறுந்திருந்தால் தைத்தே கொடுத்தனுப்புகிறவர். அதற்குக் காசு நீட்டினால் வாங்க மாட்டார். அவர் தம் பிள்ளைகளிடம் ஒருநாளும் ‘நாம் ஏழைகள்’ என்று சொல்லியிருக்க மாட்டார். அந்த வார்த்தையை அவர் பெற்ற மகளின் கையெழுத்திலேயே, முந்நூறு சொல்லில், அவர் படிக்க வேண்டும்; படித்துவிட்டு ‘உண்மை’ என்று கையெழுத்திடவும் வேண்டும்.

நானும் வறுமையைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதற்குச் சன்மானம் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் கதையில் வரும் ஏழை என் கற்பனை. அவன் எழுந்து வந்து, ‘என்னை ஏன் ஊரார் முன் நிறுத்தினாய்?’ என்று கேட்க மாட்டான். அவன் அழுதால் என் எழுத்துக்குப் பெருமை. இந்தப் பெண் அழவைக்க வேண்டியது தன் தகப்பனை. நாவலாசிரியனே கூசிச் செய்ய வேண்டிய காரியத்தைப் பதினேழு வயதுப் பெண்ணிடம், படிப்புக்கு விலையாக, எப்படிக் கேட்கிறோம்?

இதில் அநீதி இன்னொன்றும் இருக்கிறது. சோகத்தை நன்றாகச் சொல்லத் தெரிந்தவன் வெல்கிறான். வாய் மூடிப் பொறுத்தவன் தோற்கிறான். வறுமைக்கு உதவ வந்தது, வறுமையைப் பற்றிய கட்டுரைப் போட்டியாக முடிந்துவிடுகிறது. எழுதிக் கொடுக்க ஆள் வைத்துக்கொள்ளக் கூடியவனுக்கு அதிலும் முதலிடம்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த நாலு வரியோடு இன்னும் நாலு வரி சேர்த்தோம்: கல்லூரிக் கட்டணம் இவ்வளவு, புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் இவ்வளவு, வீட்டிலிருந்து தரக்கூடியது இவ்வளவு, குறைவது இவ்வளவு. தகப்பனார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அறக்கட்டளை அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அரசு கலைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் ஆகையால், ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வந்தது. அதற்கு அவள் கதை எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்தது இதுதான். நீ எவ்வளவு ஏழை என்று அது கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்றுதான் கேட்டது. நம் நாட்டில் ஒரு பெண் ஏழு ஆண்டு அரசுப் பள்ளியில் படித்தாள் என்றால், அவள் வீட்டு நிலைமையை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. வேறு வாக்குமூலம் தேவையில்லை. 2024-இல் மாணவர்களுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ என்ற பெயரில் அதே தொகை வந்தது. சான்றிதழ் கேட்பது வேறு, கண்ணீர் கேட்பது வேறு என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்தத் திட்டத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அது முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமாக இருந்தது. ஏழைப் பெண்ணின் தாலிக்குத் தங்கமும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். தாலிக்குப் போன பொன் கல்லூரிக்குத் திரும்பியது சிறிய மாறுதலன்று. ஏனெனில் அதற்கு முன்பெல்லாம் நம் வீடுகளில் பொன் வேறு திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. ராமேசுவரத்திலிருந்து சென்னைக்குப் பொறியியல் படிக்க வந்த அப்துல் கலாம், அனுமதிக் கட்டணத்துக்குப் பணமில்லாமல் தவித்தபோது அவருடைய சகோதரி ஜொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததை, அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எந்த அரசாங்கக் குறிப்பேட்டிலும் ஏறாத உபகாரச் சம்பளம் அது. இந்த நாட்டில் எத்தனையோ பட்டங்களுக்குப் பின்னால் அடகுக் கடைச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் நகை எழுதியிருக்கும். அவளை யாரும் விண்ணப்பம் போடச் சொன்னதில்லை.

‘வறுமையை அளப்பது இவ்வளவு சங்கடமென்றால் வேண்டாம், தகுதியை மட்டும் அளப்போம், மதிப்பெண் இருக்கிறதே’ என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். மதிப்பெண் எளிய அளவுகோல்தான். ஆனால் அது எதை அளக்கிறது என்பதில் நமக்கு அடக்கம் வேண்டும்.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஓர் இளைஞன் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தான். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினான்; சம்பளம் நின்றது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கும் எப்.ஏ. தேறவில்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், கையில் ஒரு பட்டமும் இல்லாத அதே மனிதருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு ஆராய்ச்சி உதவி கொடுத்தது. சீனிவாச ராமானுஜத்தின் கணித ஆற்றல் இந்த எட்டு ஆண்டுகளில் புதிதாக முளைத்ததன்று. அளவுகோல்தான் மாறியது.

நிறுத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் ஒரு விதி இருந்தது, அதன்படி நடந்தார்கள். விதியில்லாமல் நூறு பேருக்கு நடுவில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. ஆனால் விதி சொல்லும் தீர்ப்பு, ‘இந்தப் பணம் இந்த ஆண்டு உனக்கில்லை’ என்பது மட்டுமே. ‘நீ தகுதியற்றவன்’ என்று அது சொல்லவில்லை. சொல்லும் சக்தி அதற்குக் கிடையாது. பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு மனமுடைந்து போகிறது. எல்லாரும் ராமானுஜம் ஆகப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ராமானுஜமாக இல்லாதவனுக்கும் இரண்டாம் முறை விண்ணப்பம் போடும் உரிமை உண்டு. அதற்கான தெம்பும் வேண்டும்.

இனி, வாங்கியவனின் கடமை என்ன என்ற கேள்வி. உபகாரம் பெற்றவன் கொடுத்தவனுக்கு வாழ்நாள் முழுவதும் குனிந்து நிற்க வேண்டுமா? இதற்கு நான் நூல்களில் விடை தேடுவதைவிட ஒரு வாழ்க்கையைக் காட்ட விரும்புகிறேன்.

1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மகார் குலத்தில் பிறந்த ஓர் இளைஞரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுக்கு. படித்து முடித்துத் திரும்பி வந்து பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனிலும் படித்துவிட்டு, 1917-இல் அம்பேத்கர் ஒப்பந்தப்படியே பரோடாவுக்கு வந்தார். ஊரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். தெரிந்துபோயிற்று, கையில் தடியோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். அந்தப் பெரும் படிப்புக்குப் பிறகு கண்ணீர் விட்டு அழுததை அவரே எழுதியிருக்கிறார். மன்னரின் பணத்தால் அவரை அறிஞராக்க முடிந்தது. மன்னருடைய ஊரில் அவருக்கு ஓர் அறை வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

உதவி என்பதன் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1942-இல் அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அங்கே போய் அவர் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் உயர்கல்விக்கு அரசாங்கமே பணம் ஒதுக்க வேண்டும் என்பது. பள்ளியிறுதிக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. இன்றைக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைப் பெற்றுத்தான் கல்லூரிக்குப் போகிறார்கள்.

ஒரு மன்னரின் கருணையால் படித்தவர், இனி வருகிற பிள்ளை எந்த மன்னரின் கருணைக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். தாம் உபகாரமாகப் பெற்றதை அடுத்தவன் உரிமையாகப் பெறும்படி மாற்றினார். நன்றிக்கடன் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த பொருள் இது. கொடுத்தவரின் வாசலில் போய்க் கைகட்டி நிற்பது அவருக்குச் செலுத்தும் மரியாதை, அதுவும் நல்லதுதான். ஆனால் கடன் அடைவது, நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளையிடத்தில். எல்லாராலும் வைஸ்ராயின் சபைக்குப் போக முடியாது. தன் ஊரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ‘இப்படி ஒரு தேர்வு இருக்கிறது’ என்று சொல்ல, உதவி பெற்றுப் படித்த எவராலும் முடியும்.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். கோயில் திருப்பணிகளுக்கும் தருமங்களுக்கும் என்று உயில் எழுதிவைத்த பணம், ஆண்டுக்கணக்கில் வழக்கில் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்து, மிகுந்த தொகையைக் கல்விக்குத் திருப்பியது. 1842-இல் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தது. அதுவே வளர்ந்து கல்லூரியாயிற்று. ராமானுஜம் போய்ச் சேர்ந்தாரே, அதே கல்லூரி. அங்கே படித்த எந்த மாணவனையும் பச்சையப்பர் பார்த்ததில்லை. எவனும் அவருடைய கையிலிருந்து காசோலை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தவர் இல்லாத இடத்தில் வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கிறான்.

உயிரோடிருக்கும்போதே கொடுக்கிற நல்லவர்கள் இந்த ஒரு விஷயத்தில் இறந்தவரைப்போல நடந்துகொள்ளலாம். மேடை போட்டு, பிள்ளையையும் பெற்றோரையும் ஏற்றி, ‘இந்த ஏழை மாணவிக்கு’ என்று ஒலிபெருக்கியில் சொல்லி, அட்டையில் பெரிதாக எழுதிய தொகையை இருபுறமும் பிடித்துக்கொண்டு நிற்பதில் பணம் ஒரு ரூபாய்கூட அதிகமாவதில்லை. கொடுத்தவருக்கு ஒரு படம் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு, மறுநாள் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் கிடைக்கலாம். பெயரும் தொகையும் கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும், தணிக்கைக்காரர் பார்க்கட்டும். ஊர் பார்க்க வேண்டியதில்லை.

மாணவர்களிடம் நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. கேளுங்கள். பத்தாம் வகுப்பிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். சான்றிதழ்களை வேண்டிய நாளைக்கு முன்னாலேயே வாங்கி வையுங்கள். எல்லாக் காகிதத்திலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கிடைத்தால் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறக்காதீர்கள். கிடைக்காவிட்டால் வேறிடத்தில் கேளுங்கள். உங்களுக்கென்று ஒதுக்கிவைத்த பணத்தைக் கேட்பதில் இகழ்ச்சி எதுவும் இல்லை. அது உங்கள் தகப்பன் வாங்கும் தீப்பெட்டியில் எடுத்த வரியிலிருந்தும் வந்த பணம். நீங்கள் படிப்பது ஒரு வேலை. ஊருக்குப் பின்னால் பயன்படப் போகிற வேலை. அதற்கு ஊர் முன்கூட்டிக் கொடுக்கும் கூலி அது. அதனால்தான் நம் முன்னோர்கள் அதைச் சம்பளம் என்றார்கள் போலும்.

‘உபகாரம்’ என்ற முன்பாதியை உங்களுக்கு யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது, கேட்டு வருகிற பிள்ளையின் முகம் வாடாமல் கொடுப்பதற்கு அது பயன்படும்.